ஜப்பான் பெட்டி, சிங்கப்பூர் கரண்ட்

போன மாதம் கிரைண்டர் பெல்ட் கேள்விகளுக்குப் பதில் எழுதி முடித்த கையோடு, "நானும் இளவட்டத்தில் ஆர்கேட் கடையில் கேம் மெஷின் பழுதுபார்த்தவன்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். அதன் பலன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் மெஷின். நாற்பதைத் தாண்டிக் கையில் நாலு காசு புரண்டதும், சின்ன வயதில் டோக்கன் போட்டு ஆடியதைத் தேடிப் பிடித்து வரவேற்பறையில் நிறுத்திவிடுகிறீர்கள், அப்புறம் அது கண் திறக்க மாட்டேன் என்கிறது. சரி, கிரைண்டர்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈசூன் வாசகர்): அண்ணே, ஜப்பானிலிருந்து வந்த செகா ஆஸ்ட்ரோ சிட்டி மெஷின் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் வீட்டில் அரை மணி நேரம் ஆடிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன், ஒரு குறையும் இல்லை. லாரி பிடித்து, லிஃப்டில் மல்லுக்கட்டி ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பிளக் இரண்டு தட்டைக் கால், அதனால் டிராவல் அடாப்டர் மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மீன் மாதிரி ஒரு வாடை, அதோடு சரி. விற்றவரோ "என் வீட்டில் ஓடியதை நீங்களே பார்த்தீர்களே" என்கிறார். கேம் போர்டு போய்விட்டதா? வேறு போர்டு தேடட்டுமா? தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் வருகிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். விற்றவர் வீட்டில் மெஷினுக்குப் பின்னால், தரையோடு தரையாக, செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கனமான பெட்டி இருந்ததா? காதை வைத்தால் லேசாக முனகுமே, அது? இருந்திருக்கும். அதுதான் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், அதை அங்கேயே விட்டுவிட்டீர்கள். அவரும் சொல்ல மறந்திருக்கிறார், அல்லது அது தன் பொருள் என்று நினைத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. டிராவல் அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. போன் சார்ஜரையும் லேப்டாப்பையும் அப்படி மாட்டிப் பழகிய கை இது, என்ன செய்ய. அவற்றில் 100 முதல் 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பவர் சப்ளை இருக்கிறது. 1993-இல் ஜப்பானுக்குள் ஓடுவதற்காகச் செய்த பெட்டிக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது.

உள்ளே நடந்தது என்னவென்றால், 230 வோல்ட் ஏசி டையோடு வழியாக டிசியாக மாறும்போது உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ட்டுக்குப் போகும். 100 வோல்ட் பவர் சப்ளையில் முதலில் நிற்கிற குண்டு கெப்பாசிட்டர், சார்ஜைப் பிடித்து வைக்கிற டப்பி, பெரும்பாலும் 200 வோல்ட் தாங்குவது. 325-ஐப் பார்த்ததும் அது மண்டை வெடிக்கிறது. நீங்கள் சொன்ன மீன் வாடை கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவத்தின் வாடை. அந்த வாடையை ஒருமுறை பிடித்த மூக்கு மறக்காது, எனக்கு இன்றைக்கும் சில நாள் ஈரச்சந்தைப் பக்கம் போனால் பழைய பட்டறை ஞாபகம்தான் வரும்.

இதில் நல்ல சேதி ஒன்று உண்டு. கேம் போர்டு, அதாவது கேம் ஓடுகிற சில்லுப் பலகை, சுவர்க் கரண்ட்டைப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பவர் சப்ளை கொடுப்பது 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான், பழைய போர்டுகளில் சிலவற்றுக்கு மைனஸ் 5-உம் வேண்டும். முன்னால் நின்ற ஃபியூசும் கெப்பாசிட்டரும் அடி வாங்கிச் செத்து, பின்னால் இருக்கிற போர்டைக் காப்பாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் போர்டு தேடுவதை நிறுத்துங்கள். இந்த விஷயத்தில் நான் பார்த்த தப்பெல்லாம் ஒன்றுதான்: மெஷின் எழுந்திருக்கவில்லை என்றதும் எல்லாரும் விலை கூடின பொருளைச் சந்தேகிக்கிறார்கள், கரண்ட் வந்த வழியில் ஒருவரும் நடந்து பார்ப்பதில்லை.

நடப்போம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். பின் கதவைத் திறந்து வயர் உள்ளே வரும் இடத்தைப் பாருங்கள்: கையளவு உலோக டப்பா ஒன்று, அது கரண்ட்டின் இரைச்சலை வடிகட்டுகிற லைன் ஃபில்டர், பக்கத்திலேயே திருகிக் கழற்றுகிற ஃபியூஸ் கூடு. ஃபியூசைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்து உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் அது மெல்லச் செத்த ஃபியூஸ், வயசானது. கண்ணாடிக்குள் கறுப்பாகவோ பாதரசம் பூசியது போல வெள்ளியாகவோ படிந்திருந்தால் அது ஒரே அடியில் செத்தது, பின்னால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். உங்களுடையது இரண்டாவது ஜாதி என்றே நினைக்கிறேன். புது ஃபியூஸ் போடுமுன் ஷார்ட்டைக் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் ஃபியூஸ் வாங்கியே மாளாது. சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். அப்படிச் சுற்றியதைக் கழற்றிய அனுபவம் எனக்கு உண்டு, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகி வழிந்து ஃபியூஸ் கூடே அச்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது பவர் சப்ளை. ஓட்டைகள் போட்ட தகர டப்பா. அதை நீங்கள் பழுதுபார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கடிக்கிற அளவு சார்ஜ் நிற்கலாம், புதியவர் கை வைக்கிற இடமில்லை. ஆர்கேட் மெஷினுக்கென்றே 5, 12, மைனஸ் 5 மூன்றும் தருகிற பவர் சப்ளைகள் கிடைக்கின்றன. வாங்கும்போது பக்கவாட்டில் 110, 220 என்று சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள். 110-இல் வைத்து 230-ஐக் கொடுத்தால் உள்ளே வோல்ட் இரண்டு மடங்காகும், மறுபடியும் மீன் வாடை.

மானிட்டரையும் மறந்துவிடாதீர்கள். அதுவும் அதே 100 வோல்ட்டை நேராக வாங்கிக்கொள்ளும் ஆள், அதற்குத் தனி ஃபியூஸ் இருக்கும். மானிட்டர் போர்டுக்குள் கையை விடாமல் எட்டி நின்று டார்ச் அடித்து, உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த நீல வட்டு, கறுத்த இடம் ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் மானிட்டர் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மேலே பெயர்ப்பலகைக்குப் பின்னால் டியூப் லைட் இருந்தால் அதுவும் 100 வோல்ட்தான். ஆகவே பவர் சப்ளையை மட்டும் 230-க்கு மாற்றிவிட்டு மெஷினை நேராகச் சுவரில் மாட்டுகிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், மானிட்டரும் விளக்கும் இன்னும் ஜப்பானில்தான் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், 230-லிருந்து 100-க்கு. கடையில் 110 தருவதும் கிடைக்கும், அதில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், பழைய மானிட்டரை அடம்பிடிக்கவிட வேண்டாம் என்பதால் நான் 100 என்று எழுதியதையே தேடுவேன். 300 வாட்டுக்குக் குறையாமல், 500 என்றால் இன்னும் நிம்மதி, தொட்டுப் பார்த்தால் சூடாகாது. விற்றவரிடம் பழையதைக் கேட்டால் கொடுத்தாலும் கொடுப்பார், கேட்டுப் பாருங்கள், மூஞ்சியைக் காட்டாமல்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): என் வீட்டுக்காரர் வாங்கி வந்த மெஷினில் விளக்கு எரிகிறது, காசு போடுகிற பட்டனை அழுத்தினால் 'டிங்' என்று சத்தம்கூட வருகிறது, திரை மட்டும் கறுப்பு. மூன்று வாரமாக ஸ்க்ரூ டிரைவரோடு அதற்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை தூக்கிப் போடச் சொல்லலாமா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய 'டிங்'கிலேயே பாதி விடை இருக்கிறது. காசைக் கேட்டு சத்தம் தருகிறது என்றால் கேம் போர்டு உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குத்தான் நோய். தூக்கிப் போட வேண்டாம்.

அவரை ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு மெஷினைப் போட்டு, பின்பக்கம் எட்டி நின்று பிக்சர் டியூபின் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும். டியூபின் வால்பகுதியில் கார்த்திகை அகல் விளக்கைத் தூரத்திலிருந்து பார்த்தது போல ஆரஞ்சு நிறத்தில் சின்ன ஒளி தெரிகிறதா? தெரிந்தால் டியூப் சூடாகிறது, மானிட்டருக்குக் கரண்ட் வருகிறது. போட்டவுடனே திரைக்கு அருகே முழங்கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கிறதா? சிலிர்த்தால் உயர் அழுத்தமும் வருகிறது. இரண்டும் இருந்து படம் இல்லையென்றால், போர்டிலிருந்து மானிட்டருக்குப் போகும் சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் (படத்தை ஆடாமல் நிறுத்தும் சிக்னல்) வயர்கள் கழன்றிருக்கலாம், லாரியில் வந்த மெஷின்களில் இது சகஜம். இரண்டுமே இல்லையென்றால் மானிட்டரின் ஃபியூஸ், அல்லது மானிட்டருக்குப் போகும் பவர் வயரின் இணைப்பு. ஒளி இருக்கிறது, சிலிர்ப்பு இல்லை என்றால் அந்த உயர் அழுத்தத்தை உண்டாக்குகிற ஃப்ளைபேக் பக்கம் பழுது. ஒரே ஒரு வெள்ளைக் கோடு திரைக்கு நடுவில் படுக்கையாகத் தெரிகிறது என்று பின்னாளில் அவர் சொன்னால், அது படத்தை மேலும் கீழும் விரிக்கிற சர்க்யூட் போனது. அதில் பெரும்பாலும் ஒரு ஐசியும் சில கெப்பாசிட்டர்களும்தான்.

இதற்கு மேல் அவர் ஸ்க்ரூ டிரைவரோடு போகக்கூடாது. நான் இதில் கறார். பிக்சர் டியூபின் மேலே ரப்பர் தொப்பி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்த பிறகும் அந்த டியூப் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை இறக்க ஒரு முறை உண்டு, அதை எழுத்தில் படித்துக் கற்க வேண்டாம், செய்கிறவர் பக்கத்தில் நின்று இரண்டு தடவை பார்த்துக் கற்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால்தான் வேலை செய்வார். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கரண்ட் பாய்ந்தால் நெஞ்சைக் கடந்து போகும், அதற்காக. ஸ்டைலுக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மற்றபடி மூன்று வாரம் வீட்டிலேயே இருக்கிறாரே என்று பாருங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): மெஷின் எழுந்திருக்கிறது, கேம் பெயர் வருகிறது, பத்து விநாடியில் மறுபடி முதலிலிருந்து. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. சில சமயம் திரை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி கண்டபடி எழுத்துகள். பவர் சப்ளையில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், 5.02 வோல்ட், கச்சிதம். அப்படியென்றால் போர்டுதானே?

பதில்: மீட்டரை வைத்த இடம் தப்பு, ஐயா. அரிசி குடோனில் இருக்கிறது என்றால் பானையில் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

பவர் சப்ளைக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் வயர், அப்புறம் ஒரு கனெக்டர். 1985-இல் ஜப்பான் கம்பெனிகள் கூடி இந்தக் கனெக்டரைப் பொதுவாக்கினார்கள், ஜாமா என்று பெயர், பக்கத்துக்கு 28 ஆக மொத்தம் 56 பின். ஒரு கேமைக் கழற்றி வேறொன்றை அதே மெஷினில் மாட்ட முடிவது இதனால்தான். இதில் 5 வோல்ட்டைச் சுமப்பவை நாலு பின்கள்: சில்லுகள் இருக்கிற பக்கம் 3, 4, சால்டர் பக்கம் அவற்றுக்கு நேர் பின்னால் இரண்டு. நெகட்டிவ் இரண்டு ஓரங்களிலும் வரும். போர்டு 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், வழியில் அழுக்கும் துருவுமாகச் சேர்ந்து வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். அங்கே 5.02, இங்கே 4.72. அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு 4.75-க்குக் கீழே போனால் நிதானம் தப்பும். போர்டில் ஒரு காவல்காரச் சர்க்யூட் உண்டு, உள்ளே புரோகிராம் தடுமாறினால் அதுவே ரீசெட் அடித்துவிடும். உங்கள் பத்து விநாடிக் கதை அதுதான்.

ஆகவே போர்டு மாட்டி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டின் மேலேயே அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20-இல் வையுங்கள், கறுப்பு முனையை நெகட்டிவில், சிவப்பு முனையைக் கனெக்டரிலிருந்து தூரத்தில் இருக்கிற ஒரு சில்லின் 5 வோல்ட் காலில். பழைய 74 வரிசைச் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டுக்குறியை இடதுபுறம் வைத்துப் பார்த்தால் மேல் வரிசையில் இடக்கோடி 5 வோல்ட், கீழ் வரிசையில் வலக்கோடி நெகட்டிவ். முனை வழுக்கி இரண்டு கால்களைச் சேர்த்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளங்கள். போர்டைக் கழற்றிவிட்டு வெறும் பவர் சப்ளையை அளந்து சான்றிதழ் கொடுக்காதீர்கள், சுமை இல்லாமல் எல்லாப் பவர் சப்ளையும் நல்ல பிள்ளைதான். சில பழையவை சுமை இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது, அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

குறைவாகக் காட்டினால் உடனே பவர் சப்ளையில் இருக்கிற 5 வோல்ட் திருகைத் திருப்பத் தோன்றும். பொறுங்கள். மெஷினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, அந்த நாலு பின்களின் பித்தளையைப் பாருங்கள். மற்ற பின்கள் மஞ்சளாகவும் இவை மட்டும் தேநீர் நிறத்திலும் இருந்தால் வெந்திருக்கின்றன. பக்கத்துப் பிளாஸ்டிக்கும் பழுப்பாகியிருந்தால் கனெக்டரை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. நிறம் மாறவில்லையென்றால், போர்டின் ஓரத்தில் இருக்கிற தங்க விரல்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் மெல்லத் தேயுங்கள், ரப்பர் கறுக்கும், துகளைத் தட்டிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், தங்கப் பூச்சு போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றில் ஐந்தாறு வருஷம் சும்மா கிடந்த போர்டு இந்த ரப்பர் வைத்தியத்திலேயே எழுந்து உட்கார்ந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் செய்த பிறகும் குறைந்தால்தான் திருகு. போர்டில் 5.0-க்கும் 5.1-க்கும் நடுவில் நிற்க வையுங்கள், 5.25-ஐத் தாண்டக்கூடாது. பல பவர் சப்ளைகளில் இந்தத் திருகைத் திருப்பினால் 12 வோல்ட்டும் கூடவே ஏறும், அதையும் ஒரு கண் பாருங்கள்.

கழற்றிய கனெக்டரைத் திரும்ப மாட்டும்போது திசையைப் பார்த்து மாட்டுங்கள். 7-ஆம் பின் இருக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், போர்டில் அதற்கு ஒரு வெட்டு, தப்பாக மாட்டாமல் இருக்கத்தான் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஷினில் அந்தத் துண்டு உடைந்து விழுந்திருந்தது. நானும் கவனிக்காமல் தலைகீழாகச் சொருகி சுவிட்சைப் போட்டேன். 12 வோல்ட் நேராகப் பட்டன் பின்னில் போய்ப் பாய்ந்தது. திருப்பி மாட்டியதும் கேம் என்னவோ ஓடியது, ஆனால் ஒருபக்க ஆட்டக்காரரால் உதைக்க முடியவில்லை, குத்த மட்டும்தான் முடிந்தது. முதலாளி அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, என் சம்பளத்தில் பிடித்து முடிக்க இரண்டு மாதம்.

கேள்வி (பிடோக் வாசகர்): மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் வெறுங்காலோடு நின்று உலோகப் பேனலில் கை வைத்தால் சுருக் சுருக் என்கிறது.

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள், பேனலைப் பிள்ளைகள் தொடவே கூடாது. ஜப்பான் மெஷின்களில் பிளக்குக்கு இரண்டு கால்தான், எர்த் வயர் பச்சை நிறத்தில் தனியாகத் தொங்கும், யாராவது அதை வெட்டியோ சுருட்டியோ விட்டிருப்பார்கள். எர்த் இல்லாதபோது லைன் ஃபில்டரிலிருந்து கசிகிற கொஞ்சம் கரண்ட் போக வழியின்றி உடம்புத் தகரத்தில் ஏறி நிற்கிறது, உங்கள் வெறுங்காலைப் பார்த்ததும் அதன் வழியாக இறங்குகிறது. சுருக் என்கிறது எல்லாமே இந்தச் சின்னக் கசிவுதான் என்றும் சொல்ல முடியாது, இன்சுலேஷன் போயிருந்தாலும் முதல் அறிகுறி இதுதான். பச்சை வயரை மூன்று கால் பிளக்கின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், எர்த் அதையும் கடந்து மெஷினின் தகரம் வரை தொடர்ச்சியாகப் போகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஜப்பான் வயரில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். நம் பிளக்கில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிற பிளக்காக வாங்குங்கள். கை நடுங்குகிறவர் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

கேள்வி (செங்காங் வாசகர்): உறவினர் ஒருவர் ஆறு வருஷமாக ஸ்டோரில் போட்டு வைத்திருந்த மெஷினைக் கொடுத்தார். இது 230 வோல்ட்தான், உள்ளூரில் ஓடியது. சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது, ஃபிரிட்ஜ் உட்பட. மெஷினில் ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது.

பதில்: ஃபியூஸ் போகாமல், கசிவைக் கண்டால் கரண்ட்டை அறுக்கிற வீட்டு ஆர்சிசிபி சுவிட்ச் மட்டும் விழுகிறது என்றால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும், ஃபியூசுக்கு அதெல்லாம் கொசுக்கடி. ஆறு வருஷம் ஸ்டோரில் இருந்தது என்கிறீர்கள், எனக்கு முதல் சந்தேகம் பல்லி மேல். பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், பவர் சப்ளைமேல் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் பார்த்த ஒன்று, லைவ் முனைக்கும் உடம்புத் தகரத்துக்கும் நடுவில் பாலம் போட்டது போல நாலு காலையும் பரப்பி, காய்ந்து, அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துத் துடைத்ததும் மெஷின் ஓடியது. கரப்பான் எச்சமும் ஈரம் பட்டால் இதே வேலையைச் செய்யும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே உறிஞ்சு குழாய் போட்டுத் தூசியை இழுத்து, பிரஷால் முனைகளைத் துடைத்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் திறந்து வையுங்கள். அப்புறமும் விழுந்தால் மானிட்டர், பவர் சப்ளை, விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள், எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால் லைன் ஃபில்டரை மாற்றுங்கள். ஆர்சிசிபி இல்லாத பாயின்டில் மாட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): மார்வெல் வெர்சஸ் கேப்காம் கேமின் போர்டு. போட்டால் திரை முழுக்க ஒரே நிறம், வேறு ஒன்றுமே இல்லை. வோல்ட் எல்லாம் நீங்கள் சொல்வது போலச் சரியாக இருக்கிறது.

பதில்: அது கேப்காம் கம்பெனியின் சிபிஎஸ்-2 வகைப் போர்டு. உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று, புரோகிராமைப் பிரித்துப் படிக்கும் ரகசியச் சாவியை நினைவில் பிடித்து வைத்திருக்கிறது. கள்ளப் பிரதி எடுக்காமல் இருக்கக் கம்பெனி செய்த ஏற்பாடு. பேட்டரி தீர்ந்தால் சாவி மறந்துபோகும், போர்டு ஊமையாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருள் பேட்டரி தீர்ந்ததும் தானே செத்துவிடும்படி செய்ததை நான் அன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போது அந்தச் சாவியைத் திரும்ப எழுதும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சின்ன ஒரு சர்க்யூட்டை மாட்டினால் போதும், பேட்டரியே வேண்டாம். போர்டை விற்றுவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற நியோ ஜியோ எம்விஎஸ் என்ற ஆர்கேட் போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுடையது சாவி மறக்காது, ஆனால் பழைய போர்டுகளில் இருக்கிற பேட்டரி ஒழுகும், ஒழுகி அடியில் இருக்கிற செம்புக் கோடுகளைத் தின்னும். பச்சையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காய வையுங்கள். இன்றைக்கு ஓடுகிறது என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (தோ பாயோ வாசகர்): சாமான் எங்கே வாங்குவது? சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையும் இல்லையே.

பதில்: அது 2017 ஜூலையில் மூடியதிலிருந்து எனக்கும் ஞாயிற்றுக்கிழமையில் போக இடமில்லை. ஃபியூஸ், கெப்பாசிட்டர், வயர், மீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அது கம்ப்யூட்டர் கடைகள், இரண்டையும் குழப்பிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் நிறைய. பழைய சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் வைத்து "இதே மாதிரி" என்று காட்டுங்கள், மாண்டரின் தெரியாவிட்டாலும் வேலை முடியும். ஜாமா கனெக்டரும் ஆர்கேட் பவர் சப்ளையும் இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி (பொங்கோல் வாசகர்): பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் ஓடுகிறது. தட்டிக்கொண்டே இருக்கலாமா?

பதில்: எந்த இடத்தில் தட்டினால் ஓடுகிறது என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். கதவைத் திறந்து அந்த வட்டத்துக்கு நேர் உள்ளே இருக்கிற கனெக்டரையும் சால்டரையும் முதலில் பாருங்கள்.